கேட்கப் போகாத துட்டி

தூக்கம் வரவில்லை என்றுதான் பெரும்பாலும் ஆரம்பிக்கிறார்கள். அடுத்து நெஞ்சு படபடப்பு. பிறகு கை கால் ஓய்ச்சல், தலை கிறுகிறுப்பு, சாப்பாட்டில் ருசி இல்லை. சர்க்கரை பார்த்தாயிற்று, பிரஷர் பார்த்தாயிற்று, ஈசிஜி எடுத்தாயிற்று, தைராய்டுக்கு ரத்தம் கொடுத்தாயிற்று. எல்லாம் நார்மல் என்று எழுதிய தாள்களை ஒரு துணிக்கடைப் பையில் சுருட்டி வைத்திருப்பார்கள். "ஒண்ணும் இல்லன்னு சொல்லுதாங்க நர்ஸம்மா, ஆனா எனக்கு முடியல" என்பார்கள். அந்தத் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்துவிட்டு நான் ஒரு கேள்வி கேட்பேன். "அந்தக் கொரோனா நேரத்துல உங்க வீட்டுல யாரும் தவறினாங்களா?"

சிலர் உடனே சொல்லிவிடுவார்கள். சிலர் "அதெல்லாம் முடிஞ்சு போச்சே, அதுக்கும் இதுக்கும் என்ன?" என்பார்கள். அப்படிக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே குரல் உடையும். பக்கத்தில் நிற்கும் மகளோ மருமகளோ திடுக்கிட்டுப் பார்ப்பார்கள். இத்தனை வருஷத்தில் அந்த அழுகையை அவர்கள் பார்த்ததே இல்லை.

தென்காசிப் பக்கத்துக் கிராமங்களில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பிரசவம் பார்த்திருக்கிறேன், தடுப்பூசி போட்டிருக்கிறேன், அம்மை கண்ட வீட்டில் வேப்பிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். வேலை முடிந்து எத்தனையோ வருஷமாகியும் நர்ஸம்மா என்ற பெயர் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. எங்கள் ஊர்களில் ஆண்கள் வெளியூருக்கு வேலைக்குப் போவார்கள். பெண்கள் வீட்டுத் திண்ணையில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார்கள். அந்தத் திண்ணைகளில்தான் நானும் உட்காருகிறேன். அதனால் நான் எழுதுவதெல்லாம் திண்ணையில் கேட்டதும் கண்ணால் பார்த்ததும்தான்.

கொரோனா அவசரநிலை முடிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அறிவித்தது. கிருமியைப் பொறுத்தவரை அது சரியாகவே இருக்கலாம். நான் போய்வரும் வீடுகளில் அந்தத் தேதியில் எதுவும் முடியவில்லை. பெருந்தொற்றின் முதல் வருஷத்திலேயே உலகம் முழுவதும் மனச்சோர்வும் பதற்ற நோயும் 25 சதவீதம் கூடிவிட்டன என்று அதே நிறுவனம் 2022 மார்ச்சில் சொல்லியிருந்தது. பெண்களும் இளவயதுக்காரர்களும்தான் அதில் அதிகம். பத்திரிகையில் அதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஆனால் அந்த 25 சதவீதத்துக்குள் எத்தனை பேர் நோயாளி, எத்தனை பேர் அழ இடம் கிடைக்காதவர்கள் என்று யாராவது பிரித்துப் பார்த்தார்களா என்ற கேள்வி மட்டும் அன்றிலிருந்து என்னிடம் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் அன்று அடுப்பு எரியாது. பங்காளி வீட்டிலிருந்தோ சம்பந்தி வீட்டிலிருந்தோ சோறு வரும். சாப்பிட மாட்டேன் என்பவர் வாயில் யாராவது ஒரு பெரியம்மை இரண்டு வாய் ஊட்டிவிடுவார். வருகிற பெண்கள் தெருமுனையிலேயே குரல் எடுத்துவிடுவார்கள். உள்ளே இருப்பவர்களைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். நீர்மாலை எடுத்து வந்து குளிப்பாட்டுவார்கள். பிறந்த வீட்டுக் கோடித் துணி வரும். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றி வருவார்கள். வாய்க்கரிசி போடும்போது ஒவ்வொருவரும் அந்த முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாக வேண்டும். மறுநாள் காடாத்து. அப்புறம் பதினாறாம் நாள் வரைக்கும் துக்கம் விசாரிக்க, எங்கள் பேச்சில் துட்டி கேட்க, ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள்.

வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். "எப்படி ஆச்சு தாயி?" அந்தப் பெண் முதலிலிருந்து சொல்லுவாள். காலையில் காப்பி குடித்தது, நெஞ்சைப் பிடித்தது, ஆட்டோ பிடித்தது, வழியில் என்ன பேசினார், டாக்டர் என்ன சொன்னார். முதல் நாள் சொல்லும்போது முன்னும் பின்னுமாகக் குழம்பும். ஐந்தாம் நாள் கொஞ்சம் ஒழுங்காகும். பதினாறாம் நாளுக்குள் எத்தனையோ பேரிடம் சொல்லி, அது தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு கதையாக அவளுக்குள் அமர்ந்துவிடும். கடைசியில் வந்தவரிடம் சொல்லும்போது அழாமல்கூடச் சொல்லுவாள். இன்றைக்கு மனநல மருத்துவத்தில், பெரிய அதிர்ச்சிக்கு ஆளானவர்களை நடந்ததை முதலிலிருந்து கடைசி வரை திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதே ஒரு சிகிச்சை முறையாக இருக்கிறது. எங்கள் ஊரில் அதைத் துட்டி கேட்க வந்தவர்கள் செய்துவிட்டுப் போனார்கள், பதினாறு நாளும், காசில்லாமல்.

சடங்கு என்றால் மூடப்பழக்கம் என்று நினைக்கிற படித்த பிள்ளைகள் உண்டு. விதவைக்குச் செய்கிற கொடுமைகளைச் சொல்லுகிறீர்கள் என்றால் நானும் உங்கள் பக்கம்தான். வளையலை உடைப்பதும் வெள்ளைச் சேலை கொடுப்பதும் ஒழிய வேண்டும். ஆனால் ஊரே வந்து உட்கார்ந்திருப்பது என்று ஒன்று இருக்கிறதே, அதை அந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

2021 மே மாதம் அதுதான் போனது. 10-ஆம் தேதியிலிருந்து தமிழ்நாடு முழுக்க ஊரடங்கு. 21-ஆம் தேதி ஒரே நாளில் புதிதாகத் தொற்று கண்டவர்கள் 36,000-த்தைத் தாண்டினார்கள். ரெம்டெசிவிர் மருந்துக்கு ஜனங்கள் விடிய விடிய வரிசையில் நின்றதையும், ஆக்சிஜன் படுக்கைக்காக ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸுகள் காத்துக் கிடந்ததையும் டிவியில் எல்லாரும் பார்த்தோம். அரசுக் கணக்கிலேயே இந்த மாநிலத்தில் சுமார் 38,000 பேர் கொரோனாவால் இறந்தார்கள். அந்த மாதங்களில் மாரடைப்பாலும் கிட்னியாலும் வயோதிகத்தாலும் இறந்தவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. ஆனால் அவர்கள் வீட்டிலும் இருபது பேருக்கு மேல் கூட முடியவில்லை. அவர்கள் மனைவிகளையும் யாரும் கட்டிக்கொண்டு அழவில்லை. இதைப் பலரும் மறந்துவிடுகிறோம். கொரோனா வராத வீட்டுத் துக்கத்தையும் கொரோனா தின்றது.

உடலைப் பையில் வைத்து ஜிப் போட்டுக் கொடுத்தார்கள். குளிப்பாட்டல் இல்லை, கோடி இல்லை, வாய்க்கரிசி இல்லை. நெருங்கிய இரண்டு ஆண்கள், தலை முதல் கால் வரை மூடிய உடையில், தூரத்தில் நின்று பார்த்தார்கள். பல வீடுகளில் மனைவியும் காய்ச்சலோடு வேறொரு வார்டில் கிடந்தாள். மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் மையித்தை ஊர் ஜமாஅத்தோடு தோளில் தூக்கிப் போக முடியவில்லை. பாளையங்கோட்டையில் கிறிஸ்தவக் கோயில் மணியடித்து, பாட்டுப் பாடி, பெட்டிக்குப் பின்னால் ஊர்வலமாய்ப் போக முடியவில்லை. எந்த மதமும் தப்பவில்லை. அந்த நேரத்தில் தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகப் (தமுமுக) பையன்கள் மதம் பார்க்காமல் உடல்களை வாங்கி, அந்தந்த மத முறைப்படி அடக்கம் செய்து கொடுத்தார்கள். பெற்ற பிள்ளை வர முடியாத இடத்தில் முன்பின் தெரியாத ஒருவன் மண் தள்ளியதை எங்கள் தலைமுறை மறக்கக் கூடாது.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பெண் இருக்கிறாள். புருஷன் லோடு ஆட்டோ ஓட்டினவர். ராத்திரி மூச்சு முட்டி 108-இல் ஏற்றினார்கள். இவளுக்கும் காய்ச்சல், கூடப் போக விடவில்லை. மூன்றாம் நாள் போன் வந்தது. சாமான்கள் என்று ஒரு கவரில் அவருடைய செல்போனும் கொஞ்சம் ரூபாயும் கொடுத்தனுப்பினார்கள். அவ்வளவுதான், வேறெதுவும் அவள் பார்க்கவில்லை. அந்த செல்போனை இன்றைக்கும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறாள். நம்பர் வேறு யாருக்கும் போய்விடக் கூடாது என்று மாதா மாதம் ரீசார்ஜ் செய்கிறாள், பீடி சுற்றின காசில். "அவரு முகத்த நான் பாக்கல மதினி. அங்க ஆயிரம் பேரு கெடந்தாங்களாம். ஆளு மாறிருக்கும்னு தோணிக்கிட்டே இருக்கு" என்றாள். அவளுக்குப் பைத்தியம் இல்லை. இறந்த முகத்தைப் பார்க்காத யாருக்கும் உள்ளுக்குள் ஒரு மூலை நம்ப மறுக்கும்.

நான் கேட்டேன். "இத இதுக்கு முன்னால யார்கிட்டயும் சொன்னியா?" யாரும் கேட்கவில்லை என்றாள். பக்கத்து வீட்டுக்காரிகளை விசாரித்தேன். ஞாபகப்படுத்த வேண்டாம் என்றுதான் கேட்கவில்லையாம். நல்ல எண்ணம்தான். ஆனால் அவள் மறந்தால்தானே ஞாபகப்படுத்துவதற்கு. எல்லாரும் அவள் நன்மைக்காக வாயை மூடிக்கொண்டார்கள். அவளோ, தன் புருஷனை ஊரே மறந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டாள். மேலே ஆறி உள்ளே சீழ் வைத்த புண்ணை எத்தனையோ பார்த்திருக்கிறேன். தொட்டால் வலிக்கும் என்று தொடாமல் விட்ட புண்தான் அப்படி ஆகும்.

இன்னொரு விதமும் உண்டு, இதைவிடக் கடினமானது. திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த பையன் 2021 ஏப்ரலில் ஊருக்கு வந்தான். மே மாதம் அப்பா கொரோனாவில் போய்விட்டார். நான்தான் கொண்டு வந்து கொடுத்துவிட்டேன் என்று அவன் முடிவு கட்டிவிட்டான். முதலில் தூக்கத்துக்காகக் குடித்தான், பிறகு குடிக்காக. கல்யாணப் பேச்சு எடுத்தால் எழுந்து போய்விடுவான். அம்மாவின் முகத்தை நேரே பார்ப்பதில்லை. அம்மாவோ, புருஷன் போனதோடு மகனும் என்னை வெறுத்துவிட்டான் என்று அழுகிறாள்.

அவனிடம் நான் ஆறுதல் சொல்லவில்லை. ஒரு நர்ஸாக உள்ளதைச் சொன்னேன். இந்தக் கிருமி உடம்பில் புகுந்தவருக்குக் காய்ச்சல் வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னாலேயே அடுத்தவருக்குப் பரவிவிடும். எந்த அறிகுறியும் இல்லாதவரிடமிருந்தும் பரவும். அந்த ஏப்ரல் 6-ஆம் தேதிதான் சட்டமன்றத் தேர்தல். அதற்கு முன்னால் வாரக்கணக்கில் பிரச்சாரக் கூட்டம். உன் அப்பா ஓட்டுப் போட வரிசையில் நின்றார், ரேஷன் கடைக்குப் போனார், டீக்கடையில் பேப்பர் படித்தார், கோயில் கொடைக்கு வரி கொடுக்கப் போனார். யாரிடமிருந்து வந்தது என்று எந்த லேபும் சொல்ல முடியாது. உனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அம்மாவும் அப்படி நினைக்கலையா?" என்று கேட்டான். அம்மாவை உள்ளே இருந்து கூப்பிட்டேன். அந்த இரண்டு பேரும் அன்றுதான் முதன்முதலாக அந்த மனுஷரைப் பற்றிச் சேர்ந்து பேசினார்கள். அவன் இன்னும் முழுதாகக் குடியை விடவில்லை, தென்காசி அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போய்வருகிறான். இது மெதுவாகத்தான் ஆகும்.

இப்படித் தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டவர்கள் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் கூட்டிப் போயிருக்கலாம் என்பவர்கள், ஆஸ்பத்திரிக்கே கொண்டு போயிருக்கக் கூடாது என்பவர்கள், தடுப்பூசி போடச் சொல்லாமல் விட்டோமே என்பவர்கள், கடைசி போனை எடுக்காமல் விட்டோமே என்பவர்கள். வழக்கமான துட்டியில் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுவார்கள். "ஏ, நீ என்ன செய்வ, விதி முடிஞ்சா யாரு தடுக்க முடியும்" என்று பத்துப் பேர் சொல்லுவார்கள். பத்துப் பேரும் சேர்ந்து சொல்வதில் ஒரு தீர்ப்பு இருக்கிறது. தனியாக இருக்கிற மனசு தனக்குத் தானே அப்படிச் சொல்லிக்கொள்ளாது.

ஊருக்கும் ஒரு காயம் இருக்கிறது. அதைச் சொல்ல யாருக்கும் பிடிப்பதில்லை. 2020-இல் தொற்று கண்ட வீட்டு வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள், தெருவைத் தகரம் வைத்து அடைத்தார்கள். அந்த வீட்டுப் பிள்ளை பால் வாங்கப் போனால் கடைக்காரர் தூரத்தில் வைத்துவிட்டு எடுத்துக்கோ என்பார். அந்த ஏப்ரலில் சென்னையில், கொரோனாவால் இறந்த ஒரு நரம்பியல் அறுவை சிகிச்சை மருத்துவரைப் புதைக்க விடாமல் ஒரு கூட்டம் கல்லாலும் கட்டையாலும் அடித்து விரட்டியது. கூட வேலை பார்த்த டாக்டர் நடுராத்திரியில் தானே மண் தள்ளிப் புதைக்க வேண்டியதாயிற்று. அந்த மாதக் கடைசியில், இப்படித் தடுத்தால் 3 ஆண்டு வரை சிறை என்று அரசு அவசரச் சட்டமே கொண்டுவந்தது. உயிரைக் கொடுத்தவருக்கு ஆறடி மண் கொடுக்கச் சட்டம் தேவைப்பட்டது.

அவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. பயந்தவர்கள். ஆனால் அந்தப் பயத்தால் ஒதுக்கப்பட்டவர்களுக்கு அது வெறுப்பாகத்தான் பட்டது. எங்கள் ஊரில் தகரம் அடைத்த தெருவில் இரண்டு வீடுகள் இன்னும் பேசிக்கொள்வதில்லை. கேட்டால் வாய்க்கால் தகராறு என்பார்கள். தகராறு எங்கே தொடங்கியது என்று இரண்டு வீட்டாருக்கும் தெரியும்.

நம்மூரில் இது முதல் கொள்ளைநோய் இல்லை. 1918-இல் வந்த விஷக்காய்ச்சலில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மக்கள்தொகை கூடுவதற்குப் பதிலாகக் குறைந்தது என்று காட்டிய ஒரே கணக்கெடுப்பு 1921-இல் எடுத்ததுதான். அதற்கு முன்னால் பிளேக், அதற்கும் முன்னும் பின்னும் காலரா. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மனுக்கு இன்றும் கோயில்கள் இருக்கின்றன. 2021 மே மாதம் அதே கோவைப் பக்கத்தில் ஒரு ஆதீனத்தில் கொரோனா தேவி என்று சிலை வைத்துப் பூஜை செய்தபோது செய்திகளில் பலர் கேலி செய்தார்கள். எனக்குக் கேலி செய்யத் தோன்றவில்லை. தடுப்பூசிக்குப் பதிலாக அம்மன் என்று யாராவது சொன்னால் அவரோடு சண்டைக்குப் போவேன். ஆனால் பயத்தையும் துக்கத்தையும் ஊர் சேர்ந்து கொண்டுபோய் வைக்க ஓர் இடம் வேண்டும் என்பதை நம் முன்னோர்கள் அறிந்திருந்தார்கள். எங்கள் வட்டாரத்தில் கொரோனாவில் போனவர்களுக்கு என்று ஒரு கல் இல்லை, ஒரு நாள் இல்லை.

பிள்ளைகளைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், இங்கே கொஞ்சம் சொல்கிறேன். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கூடத்தில் ஒன்று முதல் எட்டு வரை படிக்கிற பிள்ளைகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திரும்பக் கால் வைத்தார்கள். ஒன்றாம் வகுப்பில் உட்காராமலே இரண்டாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் உண்டு. இல்லம் தேடிக் கல்வி என்ற அரசுத் திட்டம் வந்தது, தெருவில் படித்த பெண்கள் சாயங்காலம் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். அது பாடத்துக்கு மட்டும் உதவியது என்று நினைக்காதீர்கள். ஒரு அக்கா தினமும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது பெரிய மருந்து. அப்பா அம்மா இருவரையும் இழந்த குழந்தைக்கு 5 லட்சம், ஒருவரை இழந்த குழந்தைக்கு 3 லட்சம் என்று அரசு அறிவித்தது. அது அவசியமான உதவி. அதோடு, அந்தப் பிள்ளையிடம் "உங்க அப்பா எப்படிச் சிரிப்பாரு?" என்று கேட்க ஒரு ஆளும் வேண்டும். சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பெரியவர்கள் சாவை மறைத்த வீடுகளில், அந்தப் பிள்ளைகள் இன்று பதின்மூன்று பதினான்கு வயதில், கதவைச் சாத்திக்கொண்டு போனோடு இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் போன்தான் காரணம் என்று திட்டுவதற்கு முன், கதவுக்கு அந்தப்பக்கம் யாரைத் தேடுகிறார்கள் என்று ஒருதரம் கேட்டுப் பாருங்கள்.

ஐசியூவிலிருந்து பிழைத்து வந்தவர்களும் இருக்கிறார்கள். உயிர் பிழைத்ததற்குச் சந்தோஷப்படாமல் என்ன முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்று அவர்களை ஏசுகிறார்கள். பக்கத்துப் படுக்கையில் ராத்திரிக்கு ராத்திரி ஆட்கள் போவதைப் பார்த்தவர்கள் அவர்கள். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் இன்னும் வியர்க்கிறது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கையில் எடுத்த சாமானை எங்கே வைத்தோம் என்று மறக்கிறது. இது சோம்பேறித்தனம் இல்லை. தொற்றுக்குப் பின்னால் மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில், இப்படி இருக்கும் என்று மருத்துவம் ஒப்புக்கொண்டிருக்கிறது. வீட்டிலுள்ளவர்களும் ஒப்புக்கொண்டால் பாதிப் பாரம் குறையும்.

பேசினால் மட்டும் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. நர்ஸாக இருந்தவள் அப்படிச் சொல்லக் கூடாது. இறந்து ஆறு மாதம் தாண்டியும் அன்றாட வேலை எதுவும் ஓடாதபடி துக்கம் ஆளை அழுத்தினால், அதை ஒரு தனி நோயாகவே உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப்பட்டியல் கணக்கில் எடுக்கிறது. குளிக்கவும் சாப்பிடவும் மனசில்லாமல் கிடப்பது, விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு பிறகு தூங்காமல் இருப்பது, நானும் போய்விட்டால் நல்லது என்று பேசுவது, யாருமில்லாத இடத்தில் குரல் கேட்பது, குடி நாளுக்கு நாள் கூடுவது: இதில் எது இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நான்காம் நாளே "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்துகிறவர்கள்தான் எங்கள் ஊரில் அதிகம். நிறுத்தாதீர்கள். நன்றாகிவிட்டது என்றும் நீங்களே நிறுத்தாதீர்கள், டாக்டர் சொல்லட்டும்.

கீழ்ப்பாக்கம் கேஸ் என்று சினிமாவில் சிரிக்க வைத்துப் பழக்கிவிட்டார்கள். சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் உள்ள அந்த அரசு மனநல ஆஸ்பத்திரி 1794-இல் தொடங்கியதிலிருந்து எத்தனை லட்சம் குடும்பத்தை நிமிர வைத்திருக்கும் என்று யாரும் சொல்லுவதில்லை. அந்த ஒரு சிரிப்புக்குப் பயந்தே எத்தனை பேர் டாக்டரிடம் போகாமல் இருக்கிறார்கள். 2015-16-இல் நாடு முழுக்க எடுத்த மனநலக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 100-க்கு 10 பேருக்கு மேல் மனநலப் பிரச்சினை இருந்தது, அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கே வரவில்லை. அது கொரோனாவுக்கு முந்திய கணக்கு. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017-இல் வந்த மனநலச் சட்டம் சொல்கிறது. போலீஸ் கேஸாகிவிடும் என்று பயந்து மறைக்க வேண்டியதில்லை. 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் போன் பண்ணலாம், காசில்லை, தமிழில் பேசலாம். அந்த எண்ணைச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

ஆனால் எத்தனை மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள்? ஒவ்வொரு தெருவுக்கும் ஒருவர் வரப் போவதில்லை. ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே என்ற நாட்டில் இதே நிலைமை. டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவரிடம் சிகிச்சை பெற்ற ஒரு பெண், பஸ்ஸுக்குக் காசில்லாமல் ஆஸ்பத்திரிக்கு வர முடியாமல் உயிரை மாய்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவர் 2006-இல் ஹராரே நகரத்தில் 14 பாட்டிமாரைத் தேர்ந்து பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வெளியே மர பெஞ்சுகளில் உட்கார வைத்தார். மனசு சரியில்லாதவர்கள் வந்து அந்தப் பாட்டியோடு பேசுவார்கள். பாட்டி கேட்பார், ஒரு பிரச்சினையை எடுத்து என்ன செய்யலாம் என்று கூடச் சேர்ந்து யோசிப்பார், முடியாததை மருத்துவரிடம் அனுப்புவார். அது உண்மையில் பலன் தருகிறதா என்று முறையாக ஆராய்ந்து 2016-இல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் இதழில் வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, பெஞ்சில் பேசியவர்களின் மனச்சோர்வு மற்றவர்களுடையதைவிட நன்றாகக் குறைந்திருந்தது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை, சந்தோஷத்தில். எங்களைப் போன்ற கிழவிகளுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

ஆகவே போங்கள். இத்தனை வருஷம் ஆகிவிட்டதே, இப்போது போனால் என்ன நினைப்பார்கள் என்று தயங்காதீர்கள். நான் போன எந்த வீட்டிலும் ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை, ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்றும் கேட்கவில்லை. சாயங்கால நேரத்தில் போங்கள், அவசரமில்லாமல். போனைப் பைக்குள் போட்டுவிடுங்கள். "அப்ப வர முடியல, அதான் இப்ப வந்தேன்" என்று சொன்னால் போதும். இறந்தவர் பெயரைச் சொல்லுங்கள், உறவுமுறை சொல்லிச் சொல்லுங்கள், அத்தான் என்றோ சின்னம்மை என்றோ. படம் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். "எப்படி ஆச்சு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். இடையில் உங்கள் வீட்டுக் கதையை எடுக்காதீர்கள். எல்லாருக்கும்தான் நடந்தது என்று சொல்லாதீர்கள். மறந்துவிடு என்று மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். அழுதால் தண்ணீர் எடுக்க ஓடாதீர்கள், கையைப் பிடித்துக்கொண்டு இருங்கள். கிளம்பும்போது மறுபடி வருகிற நாளைச் சொல்லிவிட்டு வாருங்கள், சொன்னால் போக வேண்டும்.

விட்டுப்போன சடங்கை இப்போதும் செய்யலாம். லோடு ஆட்டோக்காரர் வீட்டில் நான்காவது வருஷத் திதிக்கு, அன்று வர முடியாத எல்லாருக்கும் சொல்லி அனுப்பச் சொன்னேன். பிறந்த வீட்டிலிருந்து கோடி எடுத்து வந்தார்கள், படத்துக்கு முன்னால் வைத்தார்கள். கீழத்தெரு ஆச்சி ஒப்பாரி எடுத்தார். முதல் வரியிலேயே அந்தப் பெண் உடைந்தாள், அவளோடு தெருவே அழுதது, ஏனென்றால் அங்கே வந்திருந்த ஒவ்வொருத்திக்கும் அழாமல் விட்ட ஒரு சாவு இருந்தது. பிறகு சாப்பாடு போட்டார்கள், ஆண்கள் பந்தியில் அவருடைய பழைய சேட்டைகளைச் சொல்லிச் சிரித்தார்கள். அந்த ரீசார்ஜை அவள் இன்னும் நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்லவும் மாட்டேன். ஆனால் ஆள் மாறியிருக்கும் என்று இப்போது சொல்லுவதில்லை. ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் போய்த் தாமிரபரணியில் தர்ப்பணம் கொடுக்கிற கூட்டத்தில் மகனை அனுப்பினாள். கிறிஸ்தவ வீடுகளுக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள் இருக்கிறது, இஸ்லாமிய வீடுகளில் கூடி ஓதி துஆ கேட்கும் வழக்கம் இருக்கிறது. அவரவர் முறையில் கூடப் போய் நில்லுங்கள்.

அந்தத் திதிக்குப் பிறகு எங்கள் திண்ணைப் பெண்கள் ஒரு காரியம் செய்தார்கள். பீடி சுற்றிக்கொண்டே, 2020-இலும் 2021-இலும் எங்கள் ஊரில் போனவர்களின் பெயர்களைத் தெருத் தெருவாக நினைத்து, ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டில் எழுதினார்கள். எழுத எழுதத்தான் தெரிந்தது, எத்தனை வீட்டுக்கு யாரும் போகவில்லை என்று. இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூன்று நான்கு பேராக ஒரு வீட்டுக்குப் போகிறோம். வருகிற ஞாயிறு மேலத்தெருவில் ஒரு வீடு. அந்த அம்மாவின் மகனுக்கு இறக்கும்போது இருபத்தொன்பது வயது, சென்னையில் வேலை பார்த்தான், அங்கேயே எரித்துவிட்டார்கள். அவன் பெயரை அவளிடம் யாரும் சொல்லியே வெகுகாலம் ஆகிவிட்டதாம். ஐந்து மணிக்குக் கிளம்புகிறோம்.